வெற்றிலையை எடுத்தார், பேனாவை எடுக்கவில்லை

காலை பஸ், ரோடு வளைகிற எங்கள் தோட்டத்து முடக்கில் நின்றால் டிரைவர் இறங்க மாட்டார். ஹாரனை ஒரு தரம் அமுக்குவார். கண்டக்டர் செல்வா தலையை வெளியே நீட்டி, "ஏறுங்க, ஏறுங்க, சம்மந்தி வீட்டுக்கா போறோம், மெதுவா நடக்கிறீங்க" என்று சத்தம் போடுவார். அன்றைக்கு ஹாரனும் கேட்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. டிரைவர் சுனில் இறங்கி, ரோட்டைக் கடந்து, நாங்கள் நின்ற இடத்துக்கு வந்தார். சுனில் சிங்களவர், எங்களோடு பேசிப் பேசித் தமிழும் நன்றாக வரும். அன்றைக்கு அவருக்குத் தமிழ் வரவில்லை.

"அம்மே, அபே செல்வா நெதி உனா" என்றார். நம்ம செல்வா இல்லாமல் போய்விட்டான் என்று அர்த்தம்.

"எந்தச் செல்வா?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். வேறு ஒரு செல்வாவைச் சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு ஆசை.

வேலைக்குக் கிளம்பக் காக்கிச் சட்டையைப் போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாராம். எழும்பவில்லை. அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கடன் ஞாபகம்தான் வந்தது. என் பேத்தி நிரோஷாவின் படிப்புக் கடனில் செல்வா தம்பியின் கையெழுத்து இருக்கிறது. அவள் படித்து முடிக்க இன்னும் ஒரு வருடம் மீதி இருக்கிறது.

அவரோடு அந்த பஸ்ஸில் போய் வந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் பேத்தியை எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன். அவரைப் பற்றிய கடுதாசி என் கையால்தான் போக வேண்டும்.

செல்வராஜ் எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் நானும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தோம். எனக்கு இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பிரிவில் அரசாங்க பஸ் கண்டக்டராகி, அரசாங்கச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். எங்களுக்கெல்லாம் பேர் விழுந்த நாளுக்குத்தான் சம்பளம், வேலைக்குப் போகாத நாளுக்கு ஒன்றுமில்லை. அவருக்கு மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் மாதம் பிறந்தால் சம்பளம். அதனால் வங்கியில் கடன் கேட்கிற எல்லாரும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். நிரந்தரச் சம்பளக்காரர் ஒருவர் பிணை நின்றால்தான் வங்கி வாயைத் திறக்கும்.

பஸ்ஸுக்குள்ளேயே கேட்பார்கள். ஒரு நாள் சுப்பையா மாமா சீட்டில் உட்கார்ந்து மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார்.

"பேப்பர் வேணாம் மாமா, காசு எடுங்க. டிக்கட்."

"காசு இருக்கு தம்பி. இதுல ஒரு சின்னக் கையெழுத்து..."

"சின்னதா? நான் சின்னதாத்தான் போடுவேன். பேங்க்காரன் அத பெருசாக்கி என் சம்பளத்துல ஒட்டிருவான்."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். நான் அன்றைக்கு அதை வெறும் பகிடி என்றுதான் நினைத்தேன்.

நிரோஷா உயர்தரப் பரீட்சையில் உயிரியல் எடுத்துப் பாஸ் பண்ணினாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்தப் பாடத்தைத் தொட்ட பிள்ளை அவள்தான். அவளுடைய அம்மா, என் மகள் சாந்தி, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அவள் விடியும் முன்னே கிளம்புவதற்காக மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்து எரித்த வீட்டில்தான் இந்தப் பிள்ளை படித்தது. ஆனால் இடம் தரப் பார்க்கிற இசட் புள்ளி கொஞ்சம் குறைந்துபோனது, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. கொழும்புப் பக்கம் தனியார் நிறுவனம் ஒன்றில் தாதியர் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. கட்டணத்தைக் கேட்டதும் சாந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சேருவதற்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது.

டவுனில் இருக்கிற தனியார் வங்கி ஒன்றுக்குப் போனோம். குளிர்காற்று அடிக்கிற அறை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "காணி உறுதிப் பத்திரம் இருக்கா அம்மா?" என்று கேட்டார். லயத்துக்கு ஏது உறுதி? வெள்ளைக்காரன் கட்டினான், கம்பெனி வைத்திருக்கிறது, நாங்கள் குடியிருக்கிறோம். உறுதி இல்லையென்றால் பிணை வேண்டும் என்றார். அங்கிருந்தே என் மனதில் ஒரு பேர் வந்துவிட்டது.

ஒரு பெரிய காரியத்தை ஒருவர் வீட்டில் போய்க் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கினேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ எல்லாம் வைத்தேன். வெள்ளிக்கிழமை ராகு காலம் கழித்து நானும் சாந்தியும் நல்ல சேலை கட்டிக்கொண்டு செல்வா தம்பி வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த அவர் மனைவி பரமேஸ்வரி தாம்பாளத்தைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனாள்.

"அக்கா, நம்ம புள்ள இன்னும் ஓ.எல். பரீட்சகூட எழுதலையே!"

"ஐயய்யோ, பொண்ணு கேக்க வரல பரமு. கையெழுத்து கேக்க வந்தோம்."

உள்ளே இருந்து செல்வா தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எந்த வங்கி, என்ன வட்டி என்று இரண்டே கேள்வி கேட்டார். பிறகு தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையையும் ஒரு பாக்கையும் எடுத்துக்கொண்டார்.

"வெத்தலைய எடுத்துக்கிறேன்க்கா. மரியாத குடுத்து வந்திருக்கீங்க, அதத் தட்டக்கூடாது. ஆனா பேனாவ எடுக்க மாட்டேன்."

"ஏன் தம்பி? நம்ம புள்ள ஏமாத்திருமா?"

"புள்ள ஏமாத்தாது. இந்தக் கடனுக்குப் போட மாட்டேன். கொஞ்சம் பொறுங்க, வேற வழி பாப்போம்."

பொறுக்கிற நேரமா அது? பழத்தைக்கூட அங்கேயே வைக்காமல் தாம்பாளத்தோடு திரும்பி வந்தேன். லயத்து வாசலில் நிரோஷா நின்றிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் அவர் பஸ்ஸில் ஏறவில்லை. டவுனுக்குப் போக வேண்டுமென்றால் தனியார் பஸ்ஸில் போனேன். ஒரு நாள் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. முடக்கில் நான் ஒருத்திதான் நின்றேன். தனியார் பஸ் ஒன்றும் வரவில்லை. வந்தது செல்வா தம்பியின் பஸ்தான், என் ஒருத்திக்காக நின்றது.

"வாங்கக்கா. பேங்க்கும் பிரைவேட், பஸ்ஸும் பிரைவேட்டுன்னு போய்ட்டீங்களே!"

நான் ஏறி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காம கேளுங்க. பிரைவேட் பஸ் சீட்டு நெறஞ்சாத்தான் நகரும். மழ நாள்ல இந்த முடக்குக்கு வராது. அவங்களக் குத்தம் சொல்ல முடியாது, டீசல் அவங்க கைக்காசு. ஆனா புள்ளைங்க படிப்பு அந்தக் கணக்குல ஓடலாமா? காணி இருக்கா, ஆள் இருக்கான்னு பாத்துக் குடுத்தா, இருக்கிறவன் புள்ளதான் படிக்கும். கடன அரசாங்கம் நேரா புள்ளைக்குக் குடுக்கணும்க்கா. படிச்சு வேலைக்குப் போனதும் அது சம்பளத்துல நேரா எடுத்துக்கணும்."

பின் சீட்டில் இருந்த சுப்பையா மாமா விடவில்லை. "ஆமா, ஒங்க அரசாங்க பஸ்ஸு கிழிச்சுது! போன கெழம மேட்டுல நின்னுபோய் நாங்கதானே எறங்கித் தள்ளினோம்?"

"தள்ளினீங்கல்ல மாமா? ஏன் தள்ளினீங்க? நம்ம பஸ்ஸுன்னுதானே. அவங்க பஸ் நின்னிருந்தா மிச்சக் காச வாங்கிட்டு அடுத்த பஸ்ல ஏறிப் போயிருப்பீங்க."

சுனில்கூட முன்னாலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. பேச்செல்லாம் சரி, கடைசி நாளுக்கு என்ன செய்வது என்று மனம் அடித்துக்கொண்டது.

அவர் ஏன் மறுத்தார் என்பதைப் பரமேஸ்வரிதான் பிறகு சொன்னாள். தண்ணீர்ப் பீலியில் குடம் வைத்துவிட்டு நின்றபோது, தங்கள் வீட்டைக் கையால் காட்டினாள். லயத்துக்குப் பின்னால் அவர்கள் எழுப்பத் தொடங்கிய அறை, ஜன்னல் மட்டத்தில் அப்படியே நிற்கிறது. செங்கல்லில் பாசி பிடித்துவிட்டது.

"கூட்டாளி மகன் படிப்புக்கு இவரு கையெழுத்துப் போட்டாருக்கா. அந்தப் பையன் வெளிநாடு போனான், ஒரு தகவலும் இல்ல. வட்டி குட்டி போட்டுச்சு. பேங்க் இவரு சம்பளத்துல பிடிச்சிச்சு. அந்தச் சுவரு அன்னிக்கு நின்னதுதான்."

"அந்தப் பையனத் திட்ட மாட்டாரா?"

"ஒரு நாளும் இல்ல. அவனும் பயந்துதான் ஓடியிருப்பான்னு சொல்லுவாரு. வளர்ற வட்டிக்குப் பிணை நின்னா ரெண்டு குடும்பம் முழுகும், ஒங்க குடும்பத்த அதுல எறக்க மாட்டேன்னாரு."

அந்தச் சுவரை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஆள் சோம்பேறி, கட்டி முடிக்கவில்லை என்றுதான் லயத்தில் பேச்சு.

வேறு வழி பார்ப்போம் என்றவர் உண்மையாகவே பார்த்தார். பஸ்ஸில் ஏறுகிற படிக்கிற பிள்ளைகள், உத்தியோகக்காரர்கள் எல்லாரிடமும் டிக்கட் கொடுத்தபடியே விசாரித்தார். அரசாங்கத்தின் வட்டியில்லாத கல்விக் கடன் ஒன்று இருக்கிறது, நிரோஷாவின் படிப்பும் அதில் சேரும் என்று கண்டுபிடித்தார். ஒரு நாள் பஸ்ஸை முடக்கில் நிறுத்தச் சொல்லி, மேட்டில் இருந்த எங்களுக்குக் கேட்கும்படி கத்தினார்: "நிரோஷா! போன எடு! இன்னிக்கே விண்ணப்பம் போடு!" அவள் போனில் விண்ணப்பம் போட்டாள். பதில் வரும்வரைக்கும் அந்தப் போன் மணி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

பதில் வந்தது, அவளை எடுத்திருந்தார்கள். ஆனால் கடன் அரசாங்கத்தினுடையது என்றாலும் ஒப்பந்தம் வங்கிக் கவுண்டரில்தான். அதற்கும் ஒரு பிணையாளி வேண்டும். செல்வா தம்பி லீவு போட்டுவிட்டு எங்களோடு இரத்தினபுரிக்கு வந்தார்.

கவுண்டரில் இருந்த பெண், அம்மாவுக்கு நிரந்தர வருமானம் இல்லை, இது சரிவராது என்றாள். நாங்கள் எழும்பப் பார்த்தோம். செல்வா தம்பி அசையவில்லை. "ஏயி மிஸ்?" என்று கேட்டார். சிங்களத்தில் 'ஏன்' என்று கேட்பதுதான் அது. குரலில் கோபம் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. மிச்சக் காசு கொடுக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். அவள் ஒரு காரணம் சொன்னாள். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு மறுபடியும் "ஏயி?" என்றார். கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். அவள் எழும்பி உள்ளே போய்ப் பெரியவரிடம் விசாரித்துக்கொண்டு வந்தாள். தோட்டத்து ஆபீஸிலிருந்து சம்பள விவரம் கொண்டுவந்தால் போதும் என்றாள்.

வெளியே வந்ததும், "அதட்டிக் கேட்டிருக்கலாமே தம்பி" என்றேன்.

"அதட்டினா அவங்களுக்குக் கோவம் வரும், நம்ம வேல கெடும். கெஞ்சினா நம்மளத் தள்ளிவிடுவாங்க. ஏன்னு கேட்டா அவங்களே யோசிக்கணும்க்கா. பாதி நேரம் அவங்களுக்கே தெரியாது, உள்ள போய்க் கேட்டுட்டு வருவாங்க."

அடுத்த தரம் போனபோது, சட்டைப் பையில் இருந்த அதே நீலப் பேனாவால் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு ஏன் மாட்டேன் என்றீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "அன்னிக்கு வட்டிக்குப் போடச் சொன்னீங்க. இன்னிக்குப் புள்ளைக்குப் போடுறேன்." பேனாவை மூடிக்கொண்டே, "ஆனா பாருங்க, இதுலயும் இன்னொருத்தன் கழுத்தக் கேக்கிறாங்க. நாளைக்கு நான் போய்ட்டா இந்தப் புள்ள என்ன செய்யும்?" என்றார்.

"வாயக் கழுவுங்க தம்பி" என்றேன்.

அந்தக் கேள்வியை அவர் அங்கேயே விட்டுவிடவில்லை. பாடசாலை மண்டபத்தில் உயர்கல்வி பற்றிப் பேச ஒரு அதிகாரி வந்தபோது, பஸ் உடுப்போடு எழும்பிக் கேட்டார். அரசாங்கம் கொடுக்கிறது, பிள்ளை வாங்குகிறது, நடுவில் வங்கியும் பிணையும் எதற்கு என்றார். கொடுத்த காசு திரும்பி வர வேண்டாமா என்றார் அதிகாரி.

"வரணும்தான் சேர். அது மக்கள் காசு. வேலைக்குப் போன பிறகு ஈ.பி.எஃப். சேமிப்புக்கு வெட்டுற மாதிரி சம்பளத்துல வெட்டுங்க. இந்தா இருக்கிற அக்காவுக்குக் கொழுந்து எடுத்த காலமெல்லாம் வெட்டினாங்க. ஒரு நாளாவது யாராச்சும் பிணை கேட்டாங்களா?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை.

நிரோஷா கடைசி நாளுக்கு முன்னே படிப்பில் சேர்ந்துவிட்டாள். லீவுக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் செல்வா தம்பி அவளிடம் டிக்கட்டுக்கு முன்னால் பரீட்சையைத்தான் கேட்பார். "பாஸா? அப்ப முன் சீட்டு. இல்லேன்னா பின்னால போய் சுப்பையா மாமாவோட உக்காரு."

அவருடைய சாவுக்கு ரோட்டோரம் வெள்ளைக் கொடி கட்டியது தோட்டத்து ஆட்கள் மட்டுமில்லை, பஸ் ஸ்டாண்டுக்காரர்களும் கட்டினார்கள். தனியார் பஸ்காரர்களும் வந்து கொடி பிடித்தார்கள். பெட்டி முடக்கைத் தாண்டும்போது சுனில் பஸ்ஸை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். பரமேஸ்வரி என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, அந்தச் சுவரு" என்று மட்டும் சொன்னாள்.

கருமாதி முடிந்த கையோடு நிரோஷா தானே வங்கிக்குப் போன் பண்ணி, பிணையாளி இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏன்டி சொன்ன? அவங்களா கேட்டாங்க?"

"சொல்லாம இருந்தா தப்பு அம்மாயி. செல்வா மாமா இருந்தா சொல்லத்தான் சொல்லியிருப்பாரு."

புதுப் பிணையாளி வேண்டும், இல்லையென்றால் அடுத்த தவணைக் கட்டணம் போகாது என்று பதில் வந்தது. கட்டணம் போகாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். கரைக்கு வருகிற நேரத்தில் பிள்ளை நின்றுபோகும். யாரிடம் கேட்பது? எங்கள் பிரிவில் நிரந்தரச் சம்பளம் வாங்கியவர் மண்ணுக்குள் போய்விட்டார். தாம்பாளத்தை இறக்கி விளக்கினேன். எந்த வாசலுக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாந்தி அதைப் பிடுங்கி மேலே வைத்தாள். "எத்தன பேர் வீட்டுச் சுவர நிறுத்தப் போறீங்கம்மா?" என்றாள்.

தாம்பாளம் இல்லாமல், நானும் நிரோஷாவும் இரத்தினபுரிக்குப் போனோம். கவுண்டரில் வேறொரு பெண் இருந்தாள், நிரோஷாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். புதுப் பிணை இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். நிரோஷா சரி என்று தலையை ஆட்டி எழும்பினாள். நான் எழும்பவில்லை.

"ஏயி மிஸ்?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சட்டம் அப்படி என்றாள். மறுபடியும் "ஏயி?" என்றேன்.

"அம்மே, செத்தவர் கடனக் கட்ட மாட்டாரே" என்றாள்.

"கட்டுற நாள் இன்னும் வரல மிஸ். புள்ள படிச்சு முடிச்சு வேலைக்குப் போன பிறகுதானே கட்டணும்? இப்ப படிப்ப நிறுத்தினா அது எப்பிடிக் கட்டும்?"

எனக்குத் தெரிந்த சிங்களம் அத்தோடு தீர்ந்துபோனது. பிறகு அவர் நின்ற மாதிரி பேசாமல் நின்றேன். பின்னால் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். நான் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் என்னையும் நிரோஷாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழும்பி உள்ளே போனாள்.

திரும்பி வந்து, இந்தத் தவணை போகும் என்றாள். அடுத்த தவணைக்கு முன்னால் ஒரு பிணையாளியைக் கொண்டுவரப் பாருங்கள், முடியாவிட்டால் இப்படி ஒரு நிலைமை என்று நாங்களும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறோம் என்றாள். மேலிடம் என்ன சொல்லும் என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது சுனிலின் பஸ்தான். கண்டக்டர் புதியவர். "எங்க எறங்கணும்?" என்று கேட்டார். இந்த ரோட்டில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முடக்கில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கினோம். நிரோஷா புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் மேட்டில் ஏறினாள்.

செல்வா தம்பியின் பேனா அவர் மகளிடம் இருக்கிறது. அந்தச் சுவர் பரமேஸ்வரியிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அவருடைய 'ஏயி'. தாம்பாளத்தை இனிக் கையெழுத்துக்காக எந்த வாசலுக்கும் தூக்கிக்கொண்டு போக மாட்டேன். இது எங்கள் ஒரு வீட்டுக் கவலை இல்லை. உங்கள் வீட்டிலும் படிக்கிற பிள்ளை இருக்கும். நீங்களும் கவுண்டரில் நின்று கேளுங்கள். அடுத்த தவணை வருகிறபோது மறுபடியும் இரத்தினபுரிக்குப் போவேன். பயமாகத்தான் இருக்கிறது, செல்வா தம்பி. உள்ளே போனவர்கள் பதிலோடு வெளியே வரும்வரைக்கும் நிற்பேன்.